கமடோர் 64-ஐப் பேச வைப்பது: சாம் மென்பொருளா, எஸ்பி0256 சிப்பா?

பேசும்பெட்டி:

வணக்கம். ஆங்கில வாக்கியத்தைத் தட்டினால் என் பழைய கமடோர் 64 வீட்டுக் கணினி அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எமுலேட்டர் வேண்டாம், அசல் பெட்டியிலேயே நடக்க வேண்டும். அதன் ஒலிச் சிப்பான சிட், 8580 வகை. இரண்டு வழியிலும் பாதிக் கிணறு தாண்டி நிற்கிறேன்.

1982-இல் வந்த சாம் என்ற பேச்சு மென்பொருள் ஏறி ஓடுகிறது. ஆனால் டிவியின் ஒலியை முழுக்கத் திறந்தாலும் குரல் மிக மெல்லிசாகத்தான் வருகிறது. கூடவே ஒரு கரகரப்பு.

இன்னொரு பக்கம் யூசர் போர்ட்டில் (பின்பக்க இணைப்பு வாயில்) எஸ்பி0256-ஏஎல்2 என்ற பேச்சுச் சிப்பை இணைத்திருக்கிறேன். 3.12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் கிடைக்காததால் 3.579545 போட்டிருக்கிறது. ஒலி வருகிறது. ஆனால் கடைசி உயிரொலி நிற்காமல் இழுத்துக்கொண்டே போகிறது, ‘ப்’, ‘ட்’, ‘க்’ மூன்றும் ஏறக்குறைய காதில் விழுவதே இல்லை, மொத்தக் குரலும் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் அமுங்கியிருக்கிறது.

எழுத்தை ஒலியாக மாற்றும் நிரலைப் பேசிக்கில் எழுதி வருகிறேன். முதல் இரண்டு வாக்கியம் ஒழுங்காகப் போகிறது, பிறகு நடுவில் சில விநாடிகள் உறைந்துவிடுகிறது. எங்கே பார்க்க வேண்டும்?

எட்டுபிட்:

இதில் இரண்டு தனி வேலைகள் இருக்கின்றன. எழுத்திலிருந்து ஒலியன் (பேச்சின் ஒலி அலகு) எடுப்பது ஒன்று, ஒலியனிலிருந்து ஓசை எழுப்புவது மற்றொன்று. எந்தக் குறையைக் கேட்டாலும் அது எந்தப் பாதியைச் சேர்ந்தது என்று முதலில் பிரித்துவிடுங்கள். ஒலியன்களை நேரடியாகக் கொடுத்தும் குறை இருந்தால் ஓசைப் பக்கம். அப்போது சரியாகப் பேசினால் எழுத்து விதிப் பக்கம். சாமிலேயே இந்தப் பிரிவு உண்டு: சாம் ஒலியன்களை மட்டும் பேசும், எழுத்தை ஒலியனாக்குவது கூடவே வரும் ரிசைட்டர். நீங்கள் சொன்ன இரண்டு சாம் குறைகளும் ஓசைப் பக்கம்தான்.

முதலில் மெல்லிய குரல். சாம் சிட்டின் மூன்று குரல்களையும் தொடுவதில்லை. நினைவக முகவரி 54296-இல் உள்ள ஒலியளவு ரிஜிஸ்டரின் கீழ் 4 பிட்டை மட்டும் வேகமாக மாற்றி மாற்றி எழுதுகிறது. அதாவது 16 படி கொண்ட ஒரு டிஏசி (எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் பகுதி). பழைய 6581 சிப்பின் வெளியீட்டில் நிலையான ஒரு டிசி மின்னழுத்தம் எப்போதும் இருக்கும். ஒலியளவை மாற்றினால் அதுவும் ஏறி இறங்கி ஓசையாகிவிடும். 8580-இல் அந்த டிசியை ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். பெருக்க எதுவும் இல்லாததால் குரலும் இல்லை.

மென்பொருளிலேயே டிசியை உண்டாக்கலாம். 54278, 54285, 54292 மூன்றிலும் 255 எழுதுங்கள். பிறகு 54276, 54283, 54290 மூன்றிலும் 73 எழுதுங்கள். 73 என்பது பல்ஸ் 64, டெஸ்ட் 8, கேட் 1 சேர்ந்தது. டெஸ்ட் பிட் ஆசிலேட்டரை உறைய வைக்கும், பல்ஸ் மேல் மட்டத்திலேயே நிற்கும், மூன்று குரலும் சேர்ந்து வேண்டிய டிசியைக் கொடுத்துவிடும். சாமைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். இடையில் வேறு எந்த நிரலாவது சிட்டைத் துடைத்தால் மறுபடி எழுத வேண்டும். சிட்டின் 26-ஆம் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 330 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைக்கும் வழியும் உண்டு. மென்பொருளில் முடிகிற காரியத்துக்குப் பலகையில் சாலிடர் வைக்க நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது கரகரப்பு. திரையில் ஒவ்வொரு எட்டாவது கோட்டிலும் படம் வரையும் விக் சிப் செயலியை 40 முதல் 43 சுழற்சி வரை நிறுத்தி வைக்கும். பால் (PAL) டிவி முறைப் பெட்டியில் ஒரு கோட்டுக்கு மொத்தமே 63 சுழற்சி. ஒரு திரைக்கு 25 முறை, விநாடிக்கு 50 திரை: விநாடிக்கு 1250 தடவை சாமின் தாளம் தவறுகிறது, அதுதான் காதில் விழுகிறது. பேசும் நேரம் மட்டும் திரையை அணையுங்கள். சாமில் அதற்கென்றே லைட்ஸ் கட்டளை இருக்கிறது. சொந்த நிரலில் என்றால் 53265-இன் 4-ஆம் பிட்டைச் சுழியாக்கினால் போதும், அதாவது இருக்கும் மதிப்பை 239-உடன் ஆண்ட் செய்து எழுதுங்கள்.

பேச்சு அமைப்புகள்: இயல்பு நிலையில் வேகம் 72, சுருதி 64, தொண்டை 128, வாய் 128. வேகத்திலும் சுருதியிலும் எண் ஏற ஏறக் குரல் நிதானமாகும், தாழும்; ஏனென்றால் இரண்டுமே கால அளவுகள். கையேட்டில் உள்ள மூதாட்டிக் குரல் 82, 32, 145, 145. குட்டி ரோபோ 92, 60, 190, 190. சுருதி 20-க்குக் கீழே பயனில்லை.

இன்னொன்று: நிறுத்தக்குறி இல்லாமல் சுமார் 2.5 விநாடிக்கு மேல் போகும் தொடரைச் சாம் தானாகவே ஓரிடத்தில் வெட்டும். அந்த இடம் பெரும்பாலும் பொருளுக்குப் பொருந்தாது. காற்புள்ளியோ சிறுகோடோ நீங்களே போட்டுவிடுங்கள். அழுத்த எண்களையும் விடாதீர்கள். 1 முதல் 8 வரை, உயிரொலிக்கு அடுத்து வரவேண்டும். வழக்கமான அழுத்தத்துக்கு 4 போதும். ஒரே சுருதியில் ஒப்பிப்பதற்கும் பேசுவதற்கும் வித்தியாசம் அங்கேதான் வருகிறது.

சாலிடர்முனை:

சிப் பக்கம் நான் சொல்கிறேன். வயரிங்கை எழுதவில்லையே, இந்த அமைப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

யூசர் போர்ட்டின் பிபி0 முதல் பிபி5 வரையிலான ஆறு கோடுகள் சிப்பின் 18, 17, 16, 15, 14, 13 பின்களுக்கு, அதே வரிசையில். 11, 10 இரண்டும் கிரவுண்டு, ஏஎல்2-வுக்கு ஆறு பிட் முகவரிதான். பிபி6 போவது 20-ஆம் பின்னுக்கு, அதுதான் ஏஎல்டி, கீழே இறங்கும்போது முகவரியை உள்வாங்கும். 9-ஆம் பின்னான எல்ஆர்க்யூ (அடுத்த எண்ணை வாங்கச் சிப் தயாரா என்று காட்டும் கோடு) பிபி7-க்கு வரவேண்டும். 19-ஆம் பின் 5 வோல்ட்டில், 22 கிரவுண்டில். ரீசெட்டான 2, 25 இரண்டையும் சேர்த்து 100 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கும், 0.1 மைக்ரோ ஃபாரட் வழியாகக் கிரவுண்டுக்கும் கட்டுங்கள்.

செருகுவதற்கு முன் பெட்டியை அணைத்துவிட வேண்டும். இதில் சமரசமே கிடையாது. யூசர் போர்ட்டின் 10, 11 பின்களில் 9 வோல்ட் ஏசி ஓடுகிறது. கனெக்டர் தலைகீழானாலோ ஒரு பின் நகர்ந்தாலோ போர்ட்டை இயக்கும் சிஐஏ சிப் போய்விடும். அந்தப் போர்ட்டின் 5 வோல்ட் 100 மில்லி ஆம்பியர்தான் தரும், பெரும்பகுதியைப் பேச்சுச் சிப்பே தின்றுவிடும். எல்எம்386 ஆம்ப்புக்குத் தனி மின்சாரம் கொடுங்கள், கிரவுண்டை மட்டும் பொதுவாக்குங்கள்.

நிரல் இவ்வளவுதான்: முதலில் 56577-இல் 64, அடுத்து 56579-இல் 127 (ஏழு கோடு வெளியே, பிபி7 உள்ளே). ஒவ்வொரு மாற்றொலிக்கும் (சிப்பில் தனி எண் உள்ள ஒலித்துண்டு) ‘வெயிட் 56577,128,128’ போட்டு எல்ஆர்க்யூ தாழும்வரை காத்திருங்கள். பிறகு 56577-இல் எண்+64, அடுத்து எண் மட்டும், மறுபடி எண்+64. நடுவில் எழுதுவதுதான் ஸ்ட்ரோப், அதாவது முகவரியை உள்வாங்கச் சொல்லும் துடிப்பு.

கடைசி ஒலி இழுப்பது சிப்பின் இயல்பு. அடுத்த முகவரி வரும்வரை அது இருக்கும் ஒலியைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சொற்றொடரையும் ஒரு மௌனத்தோடு முடியுங்கள். 0 முதல் 4 வரை ஐந்து மௌனங்கள்: 10, 30, 50, 100, 200 மில்லி விநாடி. ‘ஹலோ’ என்பதற்கு 27, 7, 45, 15, 53, 4. இதை முதலில் தட்டிப் பாருங்கள். இந்த ஆறு எண்ணும் சரியாகப் பேசவில்லை என்றால் வயரிங்கிலோ சிப்பிலோ கோளாறு. மேலே ஏஎல்2 என்று மறு அச்சடித்த வேறு சிப்புகளும் விற்பனையில் உலாவுகின்றன. எந்த எண் கொடுத்தாலும் முழுச் சொற்களோ சம்பந்தமில்லாத இரைச்சலோ வந்தால் அப்படி ஒன்றாக இருக்கலாம்.

‘ப்’, ‘ட்’, ‘க்’ விழாததற்குக் காரணம் அவற்றுக்கு முன்னால் மௌனம் இல்லாமை. வாயை அடைத்துத் திறந்தால்தான் வல்லினம். அந்த அடைப்பைச் சிப் தானாகச் சேர்க்காது. ‘ப்’, ‘ட்’, ‘க்’, ‘ச்’ முன்னால் 50 மில்லி விநாடி, அதாவது எண் 2. ஆங்கில பி, டி, ஜி, ஜே போன்ற அதிரும் ஒலிகளுக்கு முன்னால் 0 அல்லது 1. அடுத்தது, இடத்துக்கு ஏற்ற மாற்றொலியைத் தேர்ந்தெடுப்பது. ‘க்’ மூன்று வகை: முன் உயிருக்கு முன்னால் 42, பின் உயிருக்கு முன்னால் 8, சொல்லிறுதியில் 41. ‘ஹ்’ முன் உயிருக்கு 27, பின் உயிருக்கு 57. அதிரும் ‘ட்’ தொடக்கத்தில் 33, இறுதியில் 21. ‘கம்ப்யூட்டர்’ சொல்ல 42, 15, 16, 2, 9, 49, 22, 2, 13, 51, 4. இந்த இரண்டு 2-களையும் எடுத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள், வித்தியாசம் தெரியும்.

அமுங்கிய குரலுக்குக் காரணம் பெரும்பாலும் ஃபில்டர். 24-ஆம் பின்னில் வருவது பல்ஸ் அகல ஓசை, அதை வடிகட்டித்தான் ஆம்ப்புக்குக் கொடுக்க வேண்டும். புழக்கத்தில் உள்ள சர்க்யூட்களில் 33 கிலோ ஓமும் 22 நானோ ஃபாரட்டும் இரண்டு கட்டமாக இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு கட்டத்தின் வெட்டு அதிர்வெண் ஏறக்குறைய 220 ஹெர்ட்ஸ். பேச்சைத் தெளிவாக்கும் பகுதி முழுக்க அதற்கு மேலே இருக்கிறது. கெபாசிட்டரை 1 நானோ ஃபாரட் ஆக்கினால் வெட்டு 4.8 கிலோஹெர்ட்ஸுக்குப் போகும். இரண்டு கட்டம் சேரும்போது இன்னும் கீழே இறங்கும், அதனால் 1 நானோ மிகையில்லை. இரைச்சல் கொஞ்சம் ஏறும், மெய்யொலிகள் திரும்பக் கிடைக்கும்.

உங்கள் கிரிஸ்டலால் வேகமும் சுருதியும் சுமார் 15 சதவீதம் கூடும். மௌனங்கள் சுமார் 13 சதவீதம் சுருங்கும். பேச்சு புரியும், தள்ளிப்போடக்கூடிய விஷயம் அது.

விதிவழி:

எழுத்து விதிகளைப் பற்றி எழுதுகிறேன், இந்த வேலையின் கடினமான பகுதி அதுதான்.

ஆங்கிலத்துக்குப் புதிதாக விதி யோசிக்க வேண்டாம். அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் 1976-இல் வெளியிட்ட 329 விதிகள் இருக்கின்றன. அன்றைய பல பேச்சுப் பெட்டிகளின் அடிப்படை அதுதான். ஒவ்வொரு விதிக்கும் நான்கு பகுதி: இடப்பக்கச் சூழல், மாற்ற வேண்டிய எழுத்துகள், வலப்பக்கச் சூழல், விளைவான ஒலியன்கள். சொல்லின் இடமிருந்து தொடங்கி, அந்த எழுத்துக்கான பட்டியலில் முதலில் பொருந்தும் விதியை எடுத்து, அது விழுங்கிய எழுத்துகளைத் தாண்டிப் போக வேண்டும்.

வரிசைதான் உயிர். ‘கேக்’ ‘லேட்’ ‘கேம்’ மாதிரிச் சொற்களில் ஏ எழுத்துக்குப் பின் ஒரு மெய்யும் கடைசியில் ஊமை ஈ-யும் வந்தால் உயிர் நீளும் என்று ஒரு விதி. இது மட்டும் இருந்தால் ‘ஹாவ்’ (have) என்ற சொல்லையும் ‘ஹேவ்’ என்று நீட்டிச் சொல்லிவிடும். எனவே அந்தச் சொல்லுக்கான தனி விதி பட்டியலில் மேலே இருக்க வேண்டும். குறிப்பானவை முதலில், பொதுவானவை பின்னால், சூழலே இல்லாத விதி கடைசியில். கடைசி விதி விடுபட்டால் நிரல் அந்த எழுத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த 329-உம் சாதாரண உரையில் சொற்களில் சுமார் 90 சதவீதத்தைச் சரியாகச் சொல்லும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பத்துச் சொல் வாக்கியத்தில் சராசரியாக ஒன்று தவறும். விதியைப் பெருக்கி இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஒரு விதியைச் சேர்த்தால் வேறு நான்கு சொல் கெடும். உங்கள் நிரல் எந்த உரையைப் பேசப்போகிறதோ அதில் அடிக்கடி வரும் சொற்களை ஓடவிட்டு, தவறுபவற்றை மட்டும் விதிவிலக்குப் பட்டியலில் போடுங்கள். எண்கள், சுருக்கங்கள், பணக்குறிகள் எல்லாவற்றையும் விதிகளுக்கு முன்பே சொல்லாக விரித்துவிட வேண்டும். ‘1984’ வருடமா தொகையா என்று விதிக்குத் தெரியாது. ‘ரீட்’, ‘ரெட்’ என இரண்டாகவும் வாசிக்கப்படும் ஒரே எழுத்துக்கோவையை எந்த எழுத்து விதியும் பிரிக்காது.

இப்போது உங்கள் நிரல் உறைவது. அது பேசிக்கின் குப்பை சேகரிப்பு. மிட்$ போட்டு ஒவ்வொரு எழுத்தாக வேறொரு மாறியில் வைக்கும்போதெல்லாம் சர நினைவகத்தில் புதிய துண்டு உருவாகிறது. இடம் தீர்ந்ததும் கமடோர் எல்லாச் சரங்களையும் ஒவ்வொன்றாகத் தேடி நகர்த்தும், சரங்கள் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். நூற்றுக்கணக்கான விதிகளைச் சர அணியில் வைத்திருந்தால் உறைவது நிச்சயம்.

தீர்வு, சரத்தை விட்டுவிடுவது. தட்டிய வாக்கியத்தை எழுத்துக்கு ஒரு பைட்டாக நினைவகத்தில் போடுங்கள். விதிகளையும் பைட்டுகளாக அடுக்குங்கள். ஒரு விதிக்கு 12 பைட் வைத்தாலும் 329-க்கு 4 கேபி-யைத் தாண்டாது. 26 எழுத்துக்கும் பட்டியல் எங்கே தொடங்குகிறது என்று ஒரு சுட்டு அட்டவணை. தேடும் பகுதியை இயந்திர மொழியில் 49152-இலிருந்து வையுங்கள், அங்கே 4 கேபி யாரும் தொடாமல் கிடக்கிறது. பேசிக்கின் நினைவக உச்சியை இறக்கி, விதிகளை அதற்கு மேலே பத்திரப்படுத்துங்கள்.

முழு வாக்கியத்தையும் முதலில் எண்களாக்கி முடித்துவிட்டு, அதன் பிறகே சிப்புக்கு அனுப்புங்கள். சிப் பேசிக்கொண்டிருக்கும்போது அடுத்த ஒரு முகவரியை மட்டும்தான் கையில் வைத்திருக்கும். நடுவில் மொழிபெயர்த்தால் முந்தைய ஒலி இழுபடும். அணியிலிருந்து எடுத்து அனுப்ப மட்டும் என்றால் பேசிக்கின் வேகமே போதும்.

எட்டுபிட்:

விதிவழி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். விதிகளைச் சோதிக்கும்வரை சாமையே பேச்சாளராக வைத்துக்கொள்வது எளிது, வன்பொருள் சந்தேகம் இருக்காது. ரிசைட்டர் தவறாகச் சொல்லும் சொல்லை அதற்கு வேறு எழுத்தில், ஒலிக்கிறபடி எழுதிக் கொடுத்தும் பார்க்கலாம்.

சாலிடர்முனை:

சோதனைக்குச் சரி. ஆனால் இறுதியில் சிப்பைத்தான் சொல்வேன். சாம் பேசும்போது செயலி முழுக்க அதற்கே போய்விடுகிறது, திரையும் அணைகிறது. சிப்பில் திரை அப்படியே இருக்கும், நிரலும் ஓடும். சுருதி ஏற்ற இறக்கத்தை மட்டும் சிப்பில் எதிர்பார்க்காதீர்கள். ஏஎல்2-வில் அதற்கு எண் கிடையாது, கிளாக்கை மாற்றினால்தான் உண்டு.

விதி எழுதவே விருப்பமில்லாதவர்களுக்கு: சிடிஎஸ்256ஏ-ஏஎல்2 என்ற துணைச் சிப் எழுத்தை வாங்கி மாற்றொலி எண்ணாக்கி எஸ்பி0256-க்குத் தரும். வோட்ராக்ஸ் டைப் அண்ட் டாக் பெட்டியில் மாற்றமும் பேச்சும் உள்ளேயே இருக்கின்றன, சீரியல் வழியாக எழுத்தை அனுப்பினால் போதும். கமடோரின் யூசர் போர்ட் 5 வோல்ட் மட்டம் என்பதால் இடையில் ஆர்எஸ்-232 மட்டமாற்றி வேண்டும்.

பேசும்பெட்டி:

மூவருக்கும் நன்றி. 73, 255 போட்டதும் சாமின் குரல் முழு அளவில் வருகிறது. சிப்பில் 1 நானோ ஃபாரட் மாற்றினேன், ‘கம்ப்யூட்டர்’ தெளிவாகக் கேட்கிறது. இதே சிப்பில் தமிழ்ச் சொற்களைப் பேச வைக்க முடியுமா? தமிழுக்கு 329 விதி தேவைப்படாது என்று தோன்றுகிறது.

விதிவழி:

தேவைப்படாது. 247 எழுத்தாகப் பார்க்காமல் 12 உயிர், 18 மெய் என்று பிரித்துக்கொண்டால் பெரும்பாலானவற்றுக்கு நேர் அட்டவணையே போதும். சூழல் பார்க்க வேண்டியவை முக்கியமாக க, ச, ட, த, ப, ற. அதுவும் முன்னும் பின்னும் ஒரு எழுத்து பார்த்தால் முடிந்தது: சொல் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி, மெல்லினத்துக்குப் பின் அதிரும் ஒலி, உயிர்களுக்கு நடுவில் மென்மையான ஒலி. ‘ச’ சொல் முதலில் 55, ‘ச்ச’ வந்தால் 2-க்குப் பின் 50, ‘ஞ்ச’ வந்தால் 10. நடுவில் வரும் ‘த’-வுக்கு 54 நன்றாகப் பொருந்தும், ‘அது’ என்பது 15, 54, 30, 4. நடுவில் வரும் ‘க’-வுக்கு 27 அல்லது 57. ‘ன்ற’ என்றால் 11, 0, 33, 39.

நெடிலில் கவனம். ஆங்கில ‘ஏ’, ‘ஓ’ இரண்டும் இறுதியில் வளைந்து முடியும். ‘ஏ’-வுக்கு 20-ஐப் போடாமல் 7-ஐ இருமுறை போடுங்கள். ‘ஆ’ 24 இருமுறை. குறில் உயிர்களை இப்படி இரட்டிப்பது இந்தச் சிப்பில் அனுமதிக்கப்பட்டதுதான். ‘ஓ’-வுக்கு வளையாத ஒலி இல்லை, 53-ஐ ஏற்றுக்கொள்ள வேண்டும். இரட்டித்த வல்லினத்துக்கு 50 மில்லி விநாடி மௌனம் போதாது, 100 வையுங்கள். ‘வணக்கம்’ என்பது 35, 15, 11, 15, 3, 42, 15, 16, 4.

தீராத குறை நாமடி, பல்லொலி. ண, ள இரண்டும் 11, 45-இல்தான் போய் விழும், ‘பள்ளி’யும் ‘பல்லி’யும் ஒன்றாகக் கேட்கும். சொல் முதல் ‘த’-வுக்குச் சரியான பல்லொலியே இல்லை. ‘ழ’ மட்டும் பரவாயில்லை, நாக்கு அண்ணத்தைத் தொடாத ஆங்கில ‘ர்’ அதற்கு அருகில் வருகிறது: ‘மழை’க்கு 16, 15, 14, 7, 4. அப்படியானால் ‘ர’-வுக்கு என்ன? 39-ஐ முயலலாம், ஆனால் அதுவும் வருடொலி இல்லை. சாமில் நிலைமை மேல், அதன் ஒலியன் பட்டியலில் ‘பிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவே நாக்கு ஒருமுறை தட்டும் ஒலி தனிக் குறியாக இருக்கிறது. ‘ர’-வுக்கு அதைக் கொடுத்து, ‘மரம்’, ‘மழை’ இரண்டையும் அடுத்தடுத்துப் பேச வைத்துப் பாருங்கள்.